கட்டம் போட்ட மொய் நோட்டு

கம்ப்யூட்டரில் குப்பை சேர்வது கண்ணுக்குத் தெரியாது. வீட்டுப் பரணில் சாமான் ஏறிக்கொண்டே போனால் ஒருநாள் பலகை முனகும். இங்கே அப்படியில்லை. இடம் தீர்ந்துவிட்டது என்று சிவப்புக் கோடு வரும்வரை எல்லாம் சௌக்கியமாகத்தான் இருக்கும். அந்தக் கோடு வந்த பிறகு, "அப்பா, வேண்டாததையெல்லாம் அழிச்சிருங்க" என்று மகன் போனில் சொல்லிவிட்டான். எழுபதைத் தாண்டியவனிடம் எது வேண்டாதது என்று கேட்டால் என்ன சொல்வது?

வாட்ஸ்அப்பில் வந்த காலை வணக்கங்களுக்கு யோசிக்கவே இல்லை. ரோஜாப்பூவும் காபி டம்ளருமாக ஆயிரக்கணக்கில் கிடந்தவை நிமிஷத்தில் போயின. போட்டோக்களில் கை தயங்கியது. ஃபிலிம் காலத்தில் ஒரு சுருளுக்கு 36 படம்தான். கழுவி பிரிண்ட் போடும் செலவை நினைத்து, எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்திவைத்து ஒன்று எடுப்போம். டிஜிட்டல் கேமரா வந்ததும் அந்தக் கட்டுப்பாடு போயிற்று. ஒரே கோபுரம், ஒரே கோணம், பத்துப் பன்னிரண்டு தடவை. கேமரா பேட்டரி தீரும்போதெல்லாம் தேதி அழிந்து, பாதிப் படங்கள் ஜனவரி 1 அன்று எடுத்ததாகச் சாதிக்கின்றன. எல்லாவற்றிலும் நாங்கள் ஒரே மாதிரி சிரிக்கிறோம். ஞாபகமாக இருக்கட்டும் என்று எடுத்த படங்கள்தான். பார்த்தால் பெரிதாக எந்த ஞாபகமும் வரவில்லை என்பதே எனக்கு ஆச்சரியம்.

'கல்யாணம் 2003' என்ற ஃபோல்டரில் ஒரு எக்செல் ஃபைல் இருந்தது. திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகப் புரியாத கிறுக்கல். ஆனால் எண்கள் மட்டும் சுத்தமாகத் தெரிந்தன: 101, 51, 501, 21. பணம் தெரிகிறது, கொடுத்த ஆள் யாரென்று தெரியவில்லை.

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரில் தமிழ் அடித்தவர்களுக்குக் காரணம் புரிந்திருக்கும். பாமினி எழுத்துரு. அன்றைக்கு அடித்தது உள்ளே ஆங்கில எழுத்துகளாகத்தான் பதிவாகும். எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் முகத்தை மாட்டிக் காட்டும். அம்மா என்று வர எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தட்ட வேண்டும். தமிழ் டைப்ரைட்டிங் படித்த விரலுக்கு அது நன்றாகப் பழகிவிட்டது. பிறகு தமிழுக்கென்றே தனிக் குறியீட்டு எண்கள் உள்ள யூனிகோடு பரவியது, 2010-இல் தமிழக அரசும் அதை ஏற்றது, புதுக் கம்ப்யூட்டரில் பாமினி இல்லை. நல்லவேளை, இந்தக் கிறுக்கலைப் போட்டால் யூனிகோடாக மாற்றித் தரும் எழுத்துரு மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. போட்டேன். மகள் கல்யாணத்து மொய் நோட்டு, வரிசை மாறாமல் எழுந்து வந்தது.

முதல் வரியில் தாய்மாமன் சீர். அதற்குக் கீழே ஊர், பெயர், தொகை, குறிப்பு. பெயர் என்று எழுதியிருந்தவை ரேஷன் கார்டுப் பெயர்கள் அல்ல, நாங்கள் கூப்பிட்ட பெயர்கள். சைக்கிள் கடை பாய் 101. மேலத்தெரு தையல்காரர் 51, குறிப்பில் 'ரவிக்கைக் கூலி வாங்கவில்லை'. இட்லிக்காரம்மா 21. அந்த அம்மா அப்போது எங்கள் தெருவில் இட்லி ஒரு ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தாள். மாவரைத்து, அவித்து, விற்ற 21 இட்லியை மஞ்சள் தடவிய கவரில் போட்டுக் கொண்டுவந்து நீட்டியிருக்கிறாள். 501 கொடுத்த மேலதிகாரியின் முகம் எவ்வளவு யோசித்தும் எனக்குக் கிடைக்கவில்லை. இட்லிக்காரம்மாவின் மூக்குத்தி எந்தப் பக்கம் என்றுகூடச் சொல்வேன்.

மொய் நோட்டு பாசத்துக்காக எழுதுவதல்ல. அது கடன் கணக்கு. வந்தது திரும்பப் போக வேண்டும், கொஞ்சம் கூடவே போக வேண்டும். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் இதற்கென்றே ஆடியில் ஃபிளெக்ஸ் கட்டி, கறி விருந்து போட்டு மொய் வாங்குகிறார்கள். இப்போது மொய் மேஜையில் லேப்டாப் வந்துவிட்டது. கையோடு ரசீதும் தருகிறார்கள். வசதிதான். ஆனால் அதில் முழுப்பெயர், ஊர், செல் நம்பர் இருக்கும். இட்லிக்காரம்மா இருக்க மாட்டாள்.

கணக்குக்காக எழுதும்போது யாரும் முகத்தைச் சரிசெய்துகொண்டு நிற்பதில்லை. அதனால்தானோ என்னவோ, மளிகை லிஸ்ட், மொய், ஆஸ்பத்திரிச் செலவு, வீடு கட்டிய கணக்கு இவற்றில் மனிதர்கள் இருந்தபடி இருக்கிறார்கள். என் வயதுக்காரர்கள் இந்த வேலையில் இறங்கினால் கோபுரப் படங்களை அழியுங்கள், ஒன்று போதும். கணக்கு ஃபைல்களை மட்டும் ஒருமுறை திறந்து பார்க்காமல் அழிக்காதீர்கள்.

திறப்பதையும் தள்ளிப்போடக் கூடாது. இணையத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான விண்ட் சர்ஃப் 2015-இலேயே எச்சரித்தார்: ஃபைல் பத்திரமாக இருக்கும், அதைப் படிக்கும் மென்பொருள் இருக்காது என்று. எனக்கு அதைப் பாமினி சொல்லிவிட்டது. 1.44 எம்பி ஃபிளாப்பி ஒன்று மேஜை டிராயரில் இன்னும் கிடக்கிறது. அதைச் செருக வீட்டில் எங்கும் வாய் இல்லை. இதையாவது எப்படியோ சமாளிக்கலாம். ஆனால் எழுத்துக்கு மாற்றி கிடைப்பதுபோல் ஆளுக்கு மாற்றி கிடையாது. சைக்கிள் கடை பாய் யாரென்று தெரிந்தவர்கள் இந்த வீட்டில் நானும் என் மனைவியும்தான். பிள்ளைகளுக்கு அது வெறும் 101.

அதனால் கடைசியில் 'யார்' என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன். சாயங்காலம் அவள் கீரை ஆய்ந்துகொண்டே சொல்ல, நான் அடிக்கிறேன். வேகமாகப் போகிறது என்று சொல்ல மாட்டேன். நேற்று முழுக்க 'சின்னாளபட்டி சித்தப்பா 251' என்ற வரியிலேயே நின்றுவிட்டோம். அந்த ஊரில் எனக்கும் ஒரு சித்தப்பா உண்டு, அவளுக்கும் ஒருவர் உண்டு. என் பக்கம்தான் என்று நான் அடிக்கப் போனேன்.

"உங்க சித்தப்பாவா? அவர் கவர்ல ஒத்த ரூபாய் காசை மட்டும் போடாம இருந்தாலே பெரிசு. 251-ஆம்!"

கட்டம் காலியாகத்தான் இருக்கிறது. தீபாவளிக்கு மகள் வரும்போது பஞ்சாயத்து வைத்துக்கொள்ளலாம் என்று அடுத்த வரிக்குப் போய்விட்டோம்.