சட்டம் பயில்வார்க்குத் துணைக்கல்வி

கல்லூரியிற் சேர்தல் ஒன்று; அங்கே கற்பிப்பதைக் கைக்கொள்ளுதல் வேறொன்று. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தூரத்தை யாம் அநுபவத்தால் அறிந்தோம்.

எமது ஊர் ஓசூருக்கு அணித்தே, கன்னட நாட்டெல்லையில் உள்ளது. வீட்டிலே தெலுங்கு, சந்தையிலே கன்னடம், பள்ளியிலே தமிழ். எந்தையார், ஏழெட்டுப் பேரே வேலைசெய்யும் ஒரு கருங்கற் பட்டறையில் தொழிலாளி. ஒருநாள் அவர்தம் தோழர் இயந்திரத்தில் வலக்கை விரல்களை இழந்தார். சிறு தொகையோடு அவர்முன் ஓர் ஆங்கிலத் தாள் வைக்கப்பட்டது. படித்துச் சொல்வார் இலர். இடக்கைப் பெருவிரலால் ரேகை வைத்தார். அன்றே யாம் சட்டம் பயில உறுதி கொண்டோம்.

இக்கல்லூரியிற் பட்டம் பெற்றபின் சட்டக் கல்லூரி புக்கோம். முதற் பரீட்சையில் மூன்று பாடங்களில் தவறினோம். உச்ச நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். 1973-இல் பதின்மூன்று நீதிபதிகள் கூடி, ஏழுக்கு ஆறென முடிவுகண்ட கேசவானந்த பாரதி வழக்கின் தீர்ப்பைக் கையிலெடுத்தபோது, நீந்தத் தெரியாது கடலில் இறங்கினார் போலானோம். இப்பகுதியைச் சார்ந்த தொரப்பள்ளியிற் பிறந்து, 1900-இல் சேலத்தில் வழக்கறிஞரான இராஜாஜியின் தந்தையார் கிராம முன்சீபு. எம் வீட்டிலோ சட்டச்சொல் ஒன்றேனும் அறிந்தார் இலர். ஊர் திரும்பிவிடலாம் என்றே எண்ணினோம்.

அப்போது ஆசிரியர் ஒருவரும் மூத்த மாணவர் இருவரும் மாலைதோறும் ஒருமணி நேரம் நடத்திய துணைவகுப்பு எம்மைத் தாங்கியது. நிகழ்ந்தது யாது, எழுந்த வினா யாது, தீர்ப்பு யாது, அதற்குக் காரணம் யாது என நான்காகப் பகுத்து ஒரு பக்கத்தில் எழுதப் பழக்கினர். எழுதியதைத் திருத்தி மறுநாளே திருப்பித் தந்தனர். ஆறு திங்களில் அச்சம் நீங்கிற்று. தவறிய பாடங்களிலும் தேறினோம்.

இது தகுதியைக் குறைக்குஞ் சலுகை என்பாரும் உளர். வினாத்தாள் யாவர்க்கும் ஒன்றே. மதிப்பெண்ணில் எமக்கொரு தயவும் இல்லை. யாம் பெற்றது வழிகாட்டலே. அமெரிக்காவில் 1968 முதலே வறிய மாணவரைச் சட்டக் கல்விக்கு ஆயத்தஞ் செய்யும் வகுப்புகள் நடந்தன. நம் நாட்டில் பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010-இல் 'இடியா' என்னும் இயக்கத்தைத் தொடங்கி, அத்தகையோரைச் சட்டப் பள்ளிகளிற் சேர்ப்பித்ததோடு, சேர்ந்தபின்னும் துணைநிற்க வழிசெய்தார்.

அம்மாலை வகுப்பொன்றிலேதான் 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தைப் படித்தோம். ஈட்டுரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்றது அதன் 17-ஆம் பிரிவு. அந்த ரேகை வெறும் மையே! ஆயின் மனுச்செய்தற்குரிய இரண்டாண்டுகள் என்றோ கழிந்திருந்தன. தக்க காரணங் காட்டினால் தாமதம் பொறுக்கப்படலாம் என்றும் அச்சட்டத்தில் இருந்தது. வழக்கறிஞர் ஒருவரின் மேற்பார்வையில் யாம் முதன்முதல் எழுதிய மனு அதுவே. அஃது இன்னும் விசாரணையில் உள்ளது.

நண்பர்களே, உங்களுட் சட்டம் பயிலச் செல்வோர் துணைவகுப்பை நாட வெட்கற்க. தேறியபின் பின்வருவோர்க்கு மாலையில் ஒருமணி நேரம் தர மறவற்க. அத்தாளைப் படித்துச் சொல்ல அன்று ஒருவர் இருந்திருப்பின், அப்பெருவிரல் மையில் தோய்ந்திராது.