பம்மலுக்கு ஒரு ஜட்ஜ்!

"அண்ணே, பம்மல் சம்பந்தம் வீடு எங்கே இருந்துச்சு?"

பல்லாவரம் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ ஸ்டாண்டில் இப்படிக் கேட்டது என் தப்புதான். டிரைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கமல் படம்தானே சார்? அது 2002-லயே வந்துட்டுப் போயிடுச்சே!"

நான் தேடிப் போனது கமலை அல்ல, ஒரு ஜட்ஜை! பம்மல் சம்பந்த முதலியார். பகலில் கோர்ட், ராத்திரியில் நாடகக் கொட்டகை என்று காலம் தள்ளிய ஆசாமி.

வீடு கிடைக்காது என்று தெரிந்தேதான் போனேன். மனுஷர் 1873-ல் பிறந்ததே ஜார்ஜ் டவுனில். பம்மல் அவருக்குப் பூர்வீகம், அவ்வளவுதான். ஆனால் 1964-ல் கண்ணை மூடுகிற வரைக்கும் ஊர்ப் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் சுமந்தார். அந்தப் பம்மலோ 2021-ல் தாம்பரம் மாநகராட்சியில் ஐக்கியமாகிவிட்டது. தண்ணி லாரிக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் ஒதுங்கி ஒதுங்கி நடந்தேன். வழியில் நான் விசாரித்த நாலு பேரில் மூணு பேர் கமலையே சொன்னார்கள். நாலாவது ஆள் ஊருக்குப் புதுசாம்.

இவ்வளவு தூரம் எதற்கு அலைந்தேன்? சொந்த வயிற்றெரிச்சல் சார்!

நான் பி.காம். எட்டு வருஷம் டெபிட், கிரெடிட் எழுதிவிட்டு, ஒரு நாள் வீராவேசமாக வேலையை உதறிவிட்டுப் பத்திரிகைக்கு எழுத வந்தவன். "வேலையையும் பார்த்துக்கிட்டே எழுதியிருக்கக் கூடாதா?" என்று அப்பா இன்னும் மாசம் ஒரு தடவையாவது கேட்கிறார். "ரெண்டும் ஒண்ணா நடக்காதுப்பா" என்பதுதான் என் ஸ்டாண்டர்ட் பதில். இந்தப் பதிலுக்கு உலை வைத்தவர்தான் பம்மல்காரர்.

1891-ல் பெல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சார்லு என்பவர் மெட்ராஸுக்கு வந்து தெலுங்கு நாடகம் போட்டார். அவரும் ஒரு வக்கீல். பிரசிடென்சி காலேஜ் மாணவரான சம்பந்தம் அதைப் பார்த்து அசந்துபோனார். நாடகக்காரன் என்றால் வீட்டுத் திண்ணையில்கூட உட்கார வைக்காத காலம் அது. படிச்சவங்க மேடை ஏறினால் என்ன என்று அதே வருஷம் நண்பர்களோடு சுகுண விலாச சபாவை ஆரம்பித்துவிட்டார். அப்போது வயசு 18! நமக்கு அந்த வயசில் அரியர்ஸ் கவலை.

அப்புறம் வக்கீலானார். 1924-லிருந்து 1928 வரை ஸ்மால் காஸஸ் கோர்ட் நீதிபதி. சின்னச் சின்னக் கடன் பாக்கி, வாடகைத் தகராறு எல்லாம் போகிற இடம். வாடகை வீட்டில் குடியிருக்கிறவர்களுக்கு அந்தக் கோர்ட்டின் அருமை தெரியும்! இதற்கு நடுவிலும் எழுத்து நிற்கவில்லை. மொத்தம் தொண்ணூற்றுச் சொச்சம் நாடகங்கள். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கினார், வெனிஸ் வர்த்தகனை 'வாணீபுர வணிகன்' ஆக்கினார். பாட்டுப் பாடியே கதை நகர்ந்த மேடையில் வசனம் பேச வைத்ததுதான் பெரிய காரியம். 1954-ல் சிவாஜி சங்கிலியோடு கர்ஜித்த 'மனோகரா' இவருடைய கதை. 1941-ல் வந்த 'சபாபதி'யும் இவருடையதே. அந்த அசட்டு எஜமானையும் அதைவிட அசட்டு வேலைக்காரனையும் ஒரு ஜட்ஜ் எழுதினார் என்றால் நம்ப முடிகிறதா?

சபா மேடையில் யார் யார் நடித்தார்கள் என்று பார்த்தால் இன்னும் ஆச்சரியம். சட்டசபையில் வெள்ளைக்காரனைத் திணறடித்த சத்தியமூர்த்தி அங்கே மனோகரனாக வேஷம் கட்டியிருக்கிறார். 1947-ல் சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டைப் படித்த ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் அரிதாரம் பூசியவர்தான். பி.காம்.காரன் நான் அவரை 'முதல் நிதி மந்திரி' என்று மட்டும்தான் மனப்பாடம் செய்திருந்தேன்.

1959-ல் பத்மபூஷண் கிடைத்தது. அதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது 1936. ஓய்வு பெற்று எட்டு வருஷமான மாஜி ஜட்ஜ், அறுபத்து மூணு வயசில், 'மனோகரா'வின் முதல் சினிமா வடிவத்தில் ராஜா வேஷம் போட்டுக் காமிரா முன்னால் நிற்கிறார். கௌரவம் என்னாவது என்று சொந்தக்காரர்கள் யாராவது கேட்காமலா இருந்திருப்பார்கள்?

சாயங்காலம் பல்லாவரத்தில் தாம்பரம் ரயில் ஏறினேன். ஆபீஸ் கூட்டம். எதிர் சீட்டில் டை கட்டின பையன் ஒருத்தன் மடியில் டிபன் பாக்ஸ், அதன் மேல் நோட்டு. எட்டிப் பார்த்தேன். கணக்கு இல்லை, கவிதை! நான் பார்த்ததும் சட்டென்று மூடிக்கொண்டான்.

வீட்டுக்குப் போனதும் அப்பா கேட்டார். "எங்கேப்பா போயிட்டு வர்றே?"

"பம்மலுக்கு."

"அங்கே என்ன, இன்டர்வியூவா?"

சம்பந்த முதலியாரைப் பற்றி அவரிடம் மூச்சு விடவில்லை. இந்த வாரப் பத்திரிகையை வீட்டில் எங்கே ஒளிப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.