துரோகியின் நிலம்

உடையார்குடிக் கல்வெட்டின் வாசகத்தை முதன்முறை முழுதாகப் படித்தபோது எனக்கு ஏமாற்றம்தான். 'பொன்னியின் செல்வன்' படித்து வளர்ந்தவன் நான். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் பெயரைச் சொல்லும் சாசனம் என்பதால், கொலையைப் பற்றி ஏதாவது இருக்கும் என்று தேடிப் போனேன். அங்கே இருந்தது ஒரு நில விவகாரம். காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் கோயிலில் உள்ள அந்தக் கல்வெட்டு, முதலாம் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு ஆணை ஒன்றைச் சொல்கிறது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோர் துரோகிகள். அவர்கள் நிலமும் அவர்களுடைய உற்றார் உறவினர் நிலமும் பறிமுதல். அந்த நிலத்தில் ஒரு பகுதியை ஒருவர் விலைக்கு வாங்கிக் கோயிலில் அறக்கட்டளை வைக்கிறார். எப்படிக் கொன்றார்கள், எதற்காக, யார் தூண்டினார்கள் என்று ஒரு சொல் கிடையாது. இவ்வளவும் கொலை நடந்து 15 ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகு. நடுவே உத்தம சோழன் ஆண்டு முடித்துவிட்டார். அவருக்குக் கொலையில் பங்கு உண்டா என்பதில் அறிஞர்கள் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

பிற்பாடு ஒரு விளையாட்டுக்காக நான் ஒரு நாட்டையே கட்ட வேண்டி வந்தபோது, இந்தக் கல்வெட்டுதான் கைகொடுத்தது.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசியே ஆடும் விளையாட்டு அது. ஆளுக்கொரு பாத்திரம். ஒருவர் மட்டும் பாத்திரம் எடுக்காமல் உலகத்தைச் சொல்லுவார். டன்ஜன் மாஸ்டர் என்று பெயர். செய்த காரியம் பலிக்குமா என்று சந்தேகம் வரும் இடத்தில் 20 முகப் பகடையை உருட்டுவார்கள். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'தான் இவ்வகையில் வெளியானவற்றில் மூத்தது. நாங்கள் ஐந்து பேர், சனிக்கிழமை மாலைகளில் ஆடுகிறோம். உலகத்தைச் சொல்லும் வேலை என்னுடையது.

குழப்பத்தில் தவிக்கும் நாடு ஒன்று வேண்டும் என்று முதலிலேயே தீர்மானித்திருந்தேன். நெடுங்கரை என்று பெயர் வைத்தேன். ஆறு தலைமுறை அரச வம்சம் எழுதினேன். எந்த ராணி எந்தக் குடியிலிருந்து வந்தாள், எந்தப் போரில் எந்த எல்லை போனது என்று ஒரு நோட்டுப் புத்தகமே நிரம்பியது. முதல் நாள் ஆட்டத்தில் தலைநகரத்து அமைச்சர் ஒருவர் வாயிலாக அத்தனையையும் சொன்னேன். நண்பர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு ஒருவர், "சரி, இன்னைக்கு ராத்திரி எங்க தங்குறோம்?" என்றார். அவர் மேல் தவறில்லை. என் நாட்டின் துயரம் அரண்மனையோடு நின்றுவிட்டது. அவர்கள் நின்றுகொண்டிருந்த தெருவுக்கு அது வந்து சேரவேயில்லை.

இந்த விளையாட்டின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தபோது வழி கிடைத்தது. 1960களின் இறுதியில், அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர் பிரவுன்ஸ்டைன் என்ற ஆட்டத்தை நடத்தினார். நெப்போலியன் காலத்து ஜெர்மன் ஊர் ஒன்று. சண்டைக்கு வரும் படைகளுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறது. பொம்மைப் படைகளை நகர்த்திப் போர் ஆடிப் பழகியவர்கள் கையில் படைகளைக் கொடுத்ததோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. ஒருவரை மேயராக்கினார், ஒருவரை வங்கிக்காரராக்கினார், ஒருவரைப் பல்கலைக்கழகத் தலைவராக்கினார். ஒவ்வொருவருக்கும் ஒரு சொந்த நோக்கம். அவர்கள் தனித்தனி அறைக்குப் போய் ரகசியமாகப் பேரம் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஆட்டம் கைமீறிப் போனதால் தோற்றுவிட்டது என்று வெஸ்லி நினைத்தார். ஆடியவர்களோ மறுபடியும் வேண்டும் என்று கேட்டார்கள். அவர்களில் ஆர்னெசனும் ஒருவர். டிராகனும் பாதாளக் குகையும் வருவதற்கு முன்பே இந்த விளையாட்டில் ஓர் ஊரின் அரசியல் இருந்திருக்கிறது. எனக்கு அது பெரிய தெம்பு.

வம்சாவளியை மூடி வைத்துவிட்டு, ஒரே ஒரு பழைய கொலையை எடுத்துக்கொண்டேன். 16 ஆண்டுகளுக்கு முன் நெடுங்கரையின் பட்டத்து இளவரசன் கொல்லப்பட்டான். சிற்றப்பன் அரியணை ஏறினான். இப்போது அவனும் போய்ச் சேர்ந்துவிட்டான். இளவரசனின் தங்கை ராணி.

இங்கே மந்திரம் குறுக்கே வந்தது. விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு விதிகளில் 'ஸ்பீக் வித் டெட்' என்று ஒன்று உண்டு. பிணத்துக்கு வாய் மட்டும் இருந்தால் போதும், ஐந்து கேள்வி கேட்கலாம். அப்படிப்பட்ட நாட்டில் கொலையை எப்படி 16 ஆண்டுகள் மூடி மறைப்பது? விதியைத் தூக்கி எறிந்துவிடலாம் என்று முதலில் தோன்றியது. அது கோழைத்தனம் என்று பட்டது. விதி உண்மை என்றே வைத்துக்கொண்டு யோசித்தேன். செத்தவர் பேசக்கூடிய நாட்டில், பிணத்தைக் காவல் காப்பவன்தான் அதிகாரம் உள்ளவன். சிதைக்குத் தீ வைக்கும் நேரம் ஓர் அரசியல் முடிவு. நெடுங்கரையில் அரச குடும்பத்துப் பிணத்தைச் சூரியன் உதிக்கும் முன் எரித்துவிட வேண்டும் என்பது பழைய சம்பிரதாயம். இளவரசனையும் அப்படியே எரித்தார்கள். சம்பிரதாயத்துக்காக எரித்தார்களா, அவன் வாயை அடைக்கவா? எரித்தவர்களுக்கே அது தெளிவாகத் தெரியாது என்று எழுதி வைத்தேன்.

செத்தவரை எழுப்பும் மந்திரமும் விதியில் உண்டு. 500 பொன் பெறுமான வைரம் வேண்டும், செத்து 10 நாளுக்குள் செய்ய வேண்டும். பணக்காரன் திரும்பி வருவான், ஏழை வரமாட்டான். அரசன் திரும்பி வந்தால் அவன் மகன் என்ன ஆவான்? ஒருமுறை உயிர் பிரிந்தவருக்கு அரியணை இல்லை என்று சட்டம் வைத்தேன். அதை எடுக்கச் சொல்லிக் கோயில் போராடுகிறது. விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் சிற்றரசர்கள். வைரம் கொண்டுவரும் வணிகக் குழு இரண்டு பக்கமும் கடன் கொடுக்கிறது. வில்லன் என்று ஒருவனைத் தேட வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. ஒவ்வொருவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. எல்லோருடைய நியாயத்துக்கும் அந்த நாட்டில் இடம் போதவில்லை.

ராணியின் முதல் ஆணையை உடையார்குடியிலிருந்து எடுத்தேன். சிற்றப்பன் மக்களிடம் படை இருக்கிறது, அவர்களைத் தொட முடியாது. கொலையில் சிக்கிய சிறு அதிகாரிகள் மூவரின் குடும்ப நிலத்தைத் தொடலாம். ஏரிக்கரை ஊர் ஒன்றில் ஆணை வாசிக்கப்படும் இடத்தில் என் நண்பர்களின் பாத்திரங்களைக் கொண்டுபோய் நிறுத்தினேன். நிலத்தை இழப்பவர்களில் ஒருவன் கொலைகாரனின் தங்கை மகன். வயது 12. கொலை நடந்தபோது பிறக்கவே இல்லை.

கணக்கெழுதும் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், ஆட்டத்தில் வாள் வீரர், அதிகம் பேசாதவர், "இவனுக்குச் சாப்பாடு யார் போடுவாங்க?" என்று கேட்டார். நான் எழுதி வைத்திருந்த எதிலும் அதற்குப் பதில் இல்லை. கொஞ்ச நேரம் யாரும் பகடையைத் தொடவில்லை.

அன்று இரவு நால்வரும் வெகுநேரம் தமக்குள் வாதாடினார்கள். நான் குறுக்கிடவில்லை. ஒருவர், ராணியிடம் முறையிடலாம் என்றார். இன்னொருவர், ஆணையை மீறிப் பையனைக் கூட்டிக்கொண்டு ஓடிவிடலாம் என்றார். கடைசியில் கணக்கர் நண்பர் வழி சொன்னார்: நிலம் ஏலத்துக்கு வருகிறது, நாமே வாங்குவோம், அவனையே உழச் சொல்வோம். ஊர்ச் சபை சம்மதித்தது. பேரம் பேச உருட்டிய பகடையில் 17 விழுந்தது. கையிலிருந்த பொன் முழுவதும் போயிற்று.

பத்திரத்தை நான் வாசித்தேன். துரோகிகளின் நிலத்தை இன்னார் இன்னார் அரசியின் ஆணைப்படி விலை கொடுத்துக் கொண்டார்கள், இது சந்திர சூரியர் உள்ளவரை செல்லும், கல்லில் வெட்டப்படும் என்று.

"அந்தப் பையனைத் துரோகி வீட்டுப் பிள்ளைன்னு சொல்ற கல்லுல எங்க பேரும் இருக்குமா?" என்று கேட்டார் கணக்கர் நண்பர்.

"இருக்கும்."

"வேற மாதிரி எழுத முடியாதா?"

சபைக்காரர் குரலில்தான் நான் பதில் சொல்ல வேண்டும். ஆணையின் வாசகத்தை மாற்ற ஊருக்கு உரிமை இல்லை என்றேன். அவர் தன் பாத்திரத்தின் பெயரை ஒரு தாளில் எழுதி, மெதுவாக என் பக்கம் தள்ளினார். மற்ற மூவரும் அதன் கீழே எழுதினார்கள்.

அந்தத் தாளை நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். இளவரசனைக் கொல்லத் தூண்டியது யார் என்று இன்னும் நான் முடிவு செய்யவில்லை. வரும் சனிக்கிழமை அந்தப் பையன் வயலில் நாற்று நடுகிறான். ஏரி மதகைத் திறந்துவிடச் சபை மறுக்கிறது.