கேரவன் கக்கூஸும் கோரமண்டல் லைன் வீடும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் கை கழுவிவிட்டு அப்புறமாக வாருங்கள். மேட்டர் அப்படி.

போன மாசம் பழைய கேரவன் ஒன்று வாங்கினோம். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற சின்ன வீடு. இங்கே ஆஸ்திரேலியாவில் ரிட்டயர் ஆன வெள்ளைக்காரர்கள் பாதி வருஷம் அதில்தான் குடித்தனம் நடத்துகிறார்கள். பேங்கில் எனக்குச் சேர்ந்திருக்கும் லாங் சர்வீஸ் லீவைப் போட்டுவிட்டு, மெல்பர்னில் இருந்து அடிலெய்ட், அங்கிருந்து நல்லார்பார் சமவெளி வழியாகப் பெர்த் வரைக்கும் போகிறதாகத் திட்டம். நான், தங்கமணி, பொண்ணு, அப்புறம் ஊரில் இருந்து மூணு மாசத்துக்கு வந்திருக்கிற அம்மா.

வண்டியில் அடுப்பு இருக்கிறது, ஃப்ரிட்ஜ் இருக்கிறது, நாலு பேர் படுக்க இடம் இருக்கிறது. கக்கூஸ் இல்லை. அதற்கென்று அலமாரி சைஸில் ஓர் அறை மட்டும் இருக்கிறது. பழைய ஓனர் உள்ளே இருந்ததைக் கழற்றிவிட்டு அதில் மீன் பிடிக்கிற தூண்டில்களை வைத்திருந்தார். நல்லார்பாரில் செடூனாவில் இருந்து நார்ஸ்மன் வரைக்கும் கிட்டத்தட்ட 1,200 கிலோமீட்டர். நடுவில் பெட்ரோல் போடுகிற ரோட்ஹவுஸ் தவிரப் பெரிதாக எதுவும் கிடையாது. அறுபத்தெட்டு வயது அம்மாவை ராத்திரியில் டார்ச் லைட்டோடு புதர்ப்பக்கம் அனுப்ப முடியுமா?

ஆக, ஒன்று வாங்கி மாட்ட வேண்டும். கடையில் இரண்டு வகை சொன்னார்கள்.

முதலாவது, எல்லாரும் வைத்திருக்கிற கேசட் டாய்லெட். மேலே பார்க்க நம்ம வெஸ்டர்ன் மாதிரியே இருக்கும். பட்டனை அமுக்கினால் கொஞ்சம் தண்ணீர் வரும். கீழே சூட்கேஸ் மாதிரி ஒரு டப்பா, அதுதான் கேசட். பதினெட்டு, இருபது லிட்டர் பிடிக்கும். நாற்றம் வராமல் இருக்க அதற்குள் ஒரு மருந்து ஊற்ற வேண்டும். நிறைந்ததும் வண்டியின் வெளிப்பக்கக் கதவைத் திறந்து உருவி எடுத்து, ஊருக்கு ஊர் இருக்கிற டம்ப் பாயிண்டில் கொண்டுபோய்க் கவிழ்க்க வேண்டும்.

இரண்டாவது, கம்போஸ்ட் டாய்லெட். இதற்குத் தண்ணீரே வேண்டாம். முன்பக்கம் போகிற ஒன்றுக்கு ஒரு பாட்டிலுக்குப் போய்விடும். பின்பக்கம் போகிறது தேங்காய் நார்த்தூள் போட்ட பெட்டியில் விழும். பக்கத்தில் ஒரு கைப்பிடி, அதைச் சுற்றினால் உள்ளே கிளறிவிடும். பேட்டரியில் ஓடுகிற குட்டி ஃபேன் ஒன்று காற்றை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். இரண்டும் ஒன்றாகக் கலந்தால்தான் அந்தப் பேர்போன நாற்றம் வரும், பிரித்து வைத்துவிட்டால் வெறும் மண்வாசனைதான் என்று சொன்னார்கள். பாட்டிலை ஓரிரு நாளைக்கு ஒருமுறை கொட்ட வேண்டும். பெட்டி இரண்டு பேருக்கு வாரக்கணக்கில் தாங்குமாம். ஆனால் பெயரில்தான் கம்போஸ்ட். சில வாரத்தில் எதுவும் உரமாகிவிடாது. காய்ந்துதான் இருக்கும். எடுத்து இன்னும் பல மாசம் மூடி வைத்தால்தான் உரம்.

பேங்க் புத்தி போகுமா? எக்செல் ஷீட் போட்டேன். விலை, தண்ணீர், எடை, நாற்றம், எத்தனை நாள் தாங்கும் என்று ஐந்து பத்தி. விலையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் கம்போஸ்ட்தான் முன்னால் நின்றது. பக்கத்துத் தெருவில் இருக்கும் யாழ்ப்பாணத்து நண்பர் தன்னுடைய கேரவனில் அதைத்தான் வைத்திருக்கிறார். "ஒரு மணமும் இல்லை அண்ணை, வேணுமெண்டால் வந்து மணந்து பாருங்கோ" என்று வற்புறுத்தி அழைத்தார். போய் மணந்தும் பார்த்தேன். உண்மைதான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதன் வீடியோவை டிவியில் போட்டு வீட்டாருக்குக் காட்டினேன். ஒரு வெள்ளைக்கார அம்மணி பெட்டியின் மேல்பாகத்தைக் கழற்றி, உள்ளே இருக்கிறதைக் காட்டி, சிரித்துக்கொண்டே விளக்கினார்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா நைனா இது, நம்ம லைன் கக்கூஸாட்டம் இருக்குது?"

"இல்லம்மா, இது மாடர்ன்."

"வாளிதானே? இத யாரு எடுப்பாங்க?"

என் எக்செல் ஷீட்டில் அந்தப் பத்தி இல்லை.

கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயலில், கோரமண்டல் பக்கம். தாத்தா வட ஆற்காட்டுக் கிராமம் ஒன்றில் இருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். அப்பாவும் சுரங்கம்தான். வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகள், ஒவ்வொன்றும் ஒரு ரூம், ஒரு சமையல் மூலை. ஷிப்டுக்குச் சங்கு ஊதும். தூரத்தில் வெள்ளை வெளேரென்று சயனைடு மண்மேடு. காற்றடிக்கிற மாசத்தில் அந்தத் தூள் சோற்றில்கூட விழும். சிவசமுத்திரத்தில் இருந்து 1902லேயே கரண்ட் வந்த ஊர் என்று நாங்கள் இன்றைக்கும் பெருமை பேசுவோம். மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன சுரங்கம், அவ்வளவு கீழே காற்றை அனுப்ப மெஷின். மேலே நாங்கள் போனதோ எடுப்புக் கக்கூஸ்.

லைனுக்குப் பின்னால் வரிசையாக இருக்கும். கல் மேல் உட்கார வேண்டும், கீழே வாளி. பின்பக்கம் ஒரு தகரக் கதவு. விடிவதற்குள் ஓர் அம்மா வந்து அந்தத் தகரத்தைத் தூக்கி வாளியை இழுத்துக் கவிழ்த்துக்கொண்டு போவார். கையில் தகர முறம், துடைப்பம், கொஞ்சம் சாம்பல். தெலுங்கு பேசுகிறவர். மழை நாளில் அந்தக் கூடையில் இருந்து வழிகிறது அவர் தோள்மேல் இறங்கும். அதைப் பார்க்கக் கூடாதென்று நாங்கள் பசங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவோம். அவரை என்ன சொல்லிக் கூப்பிட்டோம் என்பதை இங்கே எழுத விருப்பமில்லை.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது ஒருமுறை இரண்டு நாள் அவர் வரவில்லை. வாளி வழிந்துவிட்டது. அம்மா என்னை மேஸ்திரியிடம் போய்ச் சொல்லிவிட்டு வரச் சொன்னார். நானும் போய், ஸ்கூலில் வாத்தியாரிடம் கோள் சொல்கிற மாதிரி, நன்றாகவே சொன்னேன். மூன்றாம் நாள் அவர் வந்தார். காய்ச்சலா, வீட்டில் ஏதாவதா, ஒருவரும் கேட்கவில்லை. கூலி பிடித்திருப்பார்கள். எவ்வளவு என்று தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை இதை அம்மாவிடம் ஞாபகப்படுத்தினேன். அம்மாவுக்கு அது ஞாபகம் இல்லை. ஆனால் வேறொன்று சொன்னார்.

"அது தண்ணி கேக்கும்டா. நான் சொம்ப மேல தூக்கி ஊத்துவேன். அது கீழ குந்திக்கினு ரெண்டு கையும் சேத்து குடிக்கும். ஒரு நாளும் கையில சொம்பு குடுத்ததில்ல."

எங்கள் தாத்தா கிராமத்தை விட்டு ஓடி வந்ததே அதற்காகத்தான். அங்கே அவருக்குத் தண்ணீரைத் தூக்கித்தான் ஊற்றினார்கள். தங்கவயலுக்கு வந்த தமிழர்களில் முக்கால்வாசிப் பேரின் குடும்பக் கதையில் இது இருக்கும், படிக்கிற நம்ம ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அப்படி வந்தவரின் மருமகள் இன்னொருத்திக்குத் தூக்கி ஊற்றியிருக்கிறார். அம்மா அதைச் சொல்லிவிட்டுக் கீரையைத் தொடர்ந்து ஆய்ந்தார். பெயர் என்னம்மா என்று கேட்டேன். தெரியாது என்றார்.

இந்த ஊரில் இருந்துதான் பெஜவாடா வில்சன் வந்தார். 1966இல் தங்கவயலில் பிறந்தவர், பெற்றோரும் இதே வேலை செய்தவர்கள். 1993இல் கையால் மலம் அள்ள வைப்பதையும் எடுப்புக் கக்கூஸ் கட்டுவதையும் தடை செய்து சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் தங்கவயலில் அப்படியே நடந்துகொண்டிருந்ததை அவர் போட்டோ எடுத்தார். அது பத்திரிகையில் வெளிவந்து, பேச்சு கிளம்பிய பிறகுதான் கக்கூஸ்களை இடித்துத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி மாற்றினார்கள். எனக்கு அப்போது பதினாலு பதினைந்து வயது. 'ஆகா, பீங்கான் வந்துடுச்சு' என்று சந்தோஷப்பட்டது மட்டும் ஞாபகம். யார் போராடி வந்தது என்று எங்கள் லைனில் பேசியதாக ஞாபகமே இல்லை. 2016இல் அவருக்கு மகசேசே விருது கொடுத்தபோது (அதே வருஷம் டி.எம்.கிருஷ்ணாவுக்கும் கொடுத்தார்கள்) இங்கே ஆபீசில் உட்கார்ந்து செய்தியைப் படித்துத்தான் முழுக் கதையும் தெரிந்துகொண்டேன். சுரங்கம் 2001 பிப்ரவரியில் மூடியபோது எவ்வளவு அழுதோம், எவ்வளவு எழுதினோம்! இதைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை.

சரி, பீங்கான் வந்ததும் பிரச்சினை தீர்ந்ததா? தண்ணீர் ஊற்றினால் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது, அவ்வளவுதான். செப்டிக் டேங்க் நிறைந்தால், சாக்கடை அடைத்தால், அதில் ஒருவரை இறக்குகிறார்கள். 2013இல் இன்னும் கடுமையான சட்டம் போட்டார்கள். 1993க்குப் பிறகு சாக்கடையில் இறங்கிச் செத்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் கொடுக்கச் சொன்னது 2014இல் சுப்ரீம் கோர்ட். 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகையை உயர்த்த வேண்டியிருக்கிறது என்றால் இன்னும் செத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மறுபக்கம், தண்ணீர் இல்லாத கக்கூஸ் என்றாலே அடுத்தவர் கை படவேண்டும் என்றும் இல்லை. திருச்சிக்குப் பக்கத்தில் முசிறியில் ஸ்கோப் என்கிற தொண்டு நிறுவனம் கட்டிய எக்கோசான் கழிப்பறைகளைப் பற்றி அன்றிரவு உட்கார்ந்து படித்தேன். அதை நடத்தும் சுப்புராமனுக்கு 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். காவிரிக்கரை, தோண்டினால் கொஞ்சத்திலேயே தண்ணீர். குழி தோண்டிக் கக்கூஸ் கட்டினால் கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போகும். அதனால் தரைக்கு மேலே இரண்டு அறை. ஒன்று நிறைந்ததும் மூடிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். போன பிறகு சாம்பல் போட வேண்டும். மாசக்கணக்கில் மூடிக் கிடந்து, திறக்கும்போது மண்ணாக இருக்கும். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்: கழுவுகிறதற்குத் தனி இடம்! நகர்ந்து உட்கார்ந்து கழுவினால் அந்தத் தண்ணீர் தனியாகச் செடிக்குப் போய்விடும். கம்போஸ்டுக்குத் தண்ணீர் ஆகாது, நம் ஆட்களுக்குத் தண்ணீர் இல்லாமல் ஆகாது. இரண்டையும் யோசித்து ஒருவர் கட்டியிருக்கிறார்.

கேரவன் பெட்டியில் அதற்கு இடமில்லை. தங்கமணி ஆரம்பத்திலேயே கேட்ட கேள்வியும் அதுதான். "எல்லாம் சரி, எங்க கழுவுறது?" யாழ்ப்பாணத்து நண்பரைக் கேட்டால், முதலில் பேப்பர், அப்புறம் ஷவருக்குள் போய்க் கழுவுவாராம். ராத்திரி ரெண்டு மணிக்கு, ஆடுகிற வண்டியில், முட்டிவலியோடு இருக்கிற அம்மாவை அப்படிச் செய்யச் சொல்ல முடியாது. பெட்டிக்குள்ளேயே கழுவினால் நார்த்தூள் நனைந்து, அப்புறம் மண்வாசனை எல்லாம் போய் ஊரே ஓடும்.

அதனால் கேசட்தான் என்று முடிவாயிற்று. அம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன். இதுவும் வாளிதான்மா, என்ன, மூடி இருக்கிற வாளி.

"யாரு எடுப்பாங்க?" மறுபடியும் அதே கேள்வி.

"நான்தான்."

"எடுத்து?"

"நானே இழுத்துக்கினு போயி ஊத்திட்டு, கழுவி எடுத்தாருவேன்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "உங்கப்பா இருந்தா ஒத்துக்கமாட்டாரு" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை. பொண்ணு உடனே, ஒருநாள் அப்பா, ஒருநாள் நான் என்று கையைத் தூக்கினாள். அவளுக்குப் பதிமூணு வயது, ஆஸ்திரேலியாவில் பிறந்தவள், இதில் என்ன இருக்கிறது என்று நிஜமாகவே புரியவில்லை. அவளிடம் லைன் கக்கூஸ் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். அந்த அம்மா தண்ணீர் கேட்ட இடம் வந்ததும் பாட்டி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். அத்தோடு நிறுத்திக்கொண்டேன். இன்னும் பாக்கி இருக்கிறது.

வாங்க நினைக்கிறவர்களுக்குச் சில கணக்கு. நாலு பேர், ஒவ்வொரு தடவையும் ஃப்ளஷ், அதன்மேல் நம்ம மக்கு தண்ணீர் என்று போட்டால் கேசட் ஒரே நாளில் நிறைந்துவிடும். கடைக்காரன் சொல்கிற மூணு நாளெல்லாம் பேப்பர் ஆட்களுக்கு. அதனால் பகலில் ரோட்ஹவுஸ், கேரவன் பார்க். ராத்திரியில் மட்டும் கேசட். ஸ்பேர் கேசட் ஒன்று கண்டிப்பாக வேண்டும். ஃபார்மலின் கலந்த மருந்தை வாங்காதீர்கள். சின்ன ஊர்களில் டம்ப் பாயிண்ட் செப்டிக் டேங்கில்தான் போய்ச் சேருகிறது, அதில் இருக்கிற நல்ல கிருமியை அது கொன்றுவிடும். கனமான ரப்பர் கையுறை இரண்டு ஜோடி. கேசட் கழுவுகிற குழாய் வேறு, குடிதண்ணீர் குழாய் வேறு, இரண்டையும் மாற்றிப் பிடித்துவிடாதீர்கள்!

போன சனிக்கிழமை மாட்டியாயிற்று. வெறும் தண்ணீர் ஊற்றி டெஸ்ட் செய்ததில் கேசட் வாயில் லேசாகக் கசிவு. ரப்பர் சீல் வேறு ஆர்டர் போட்டிருக்கிறேன், புதன்கிழமை வரும் என்கிறார்கள். வந்ததும் கிளம்ப வேண்டியதுதான்.