பழுது போர்டில் இல்லை

குமிழ்த்தாள் சுற்றி, அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்பியிருந்தார்கள் அந்த போர்டை. இரண்டு துப்பாக்கிகளும் கூடவே வந்திருந்தன. மேலே ஒட்டிய சீட்டில் ‘கன் இன்புட் போச்சு, சரிசெய்யவும்’ என்று எழுதியிருந்தது. சிகாகோவின் புறநகர் ஒன்றில் கார் ஷெட்டைப் பட்டறையாக்கிக்கொண்ட ஒரு பெரியவர் அதைப் படித்துவிட்டு, போர்டைத் தொடாமல், அனுப்பியவருக்கு ஃபோன் போட்டார். “எந்தத் திரையில வச்சுப் பார்த்தீங்க?” அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

இப்படிப்பட்ட பட்டறை ஒன்றைப் பார்க்க சிகாகோ சரியான ஊர். பாலி, வில்லியம்ஸ், மிட்வே என்று காசு போட்டு ஆடும் எந்திரங்களின் பெரிய பெயர்கள் பலவும் இங்கிருந்து வந்தவை. அவற்றுக்கு மானிட்டர் செய்துகொடுத்த வெல்ஸ்-கார்ட்னரும் இந்த ஊர்க் கம்பெனிதான்; 1925-இல் தொடங்கியது. அவர்களுடைய கே7000 மானிட்டர் ஒன்று, 25 அங்குல ட்யூபோடு, மூடியில்லாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர். அது இல்லாமல் இந்த மானிட்டரைச் சுவர்ப் ப்ளக்கில் செருகக் கூடாது என்று, நான் கேட்காமலேயே சொன்னார்.

வந்திருந்த போர்டு கொனாமியின் ‘லீதல் என்ஃபோர்சர்ஸ்’, 1992-ஆம் ஆண்டு ஆட்டம். ஃபோனில் கிடைத்த பதில் அவர் எதிர்பார்த்ததுதான்: பழைய மானிட்டர் போய்விட்டதால், யாரோ ஒருவர் கன்வர்ட்டர் வைத்து எல்சிடி மாட்டிக் கொடுத்திருக்கிறார். ட்ரிக்கர் இழுத்தால் குண்டு குறைகிறது, குறி மட்டும் எங்கும் விழவில்லை.

குறி விழாததன் காரணம் துப்பாக்கி வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது. அது எதையும் சுடுவதில்லை, பார்க்க மட்டும் செய்கிறது. குழலுக்குள் ஒரு லென்ஸ், அதன் பின்னால் ஒரு ஃபோட்டோடயோடு. பிக்சர் ட்யூபில் படம் மொத்தமாக ஒரே நேரத்தில் இருப்பதில்லை. எலெக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக, கோடு கோடாக, மேலிருந்து கீழே இறங்கி வரைகிறது. ஒரு நொடிக்கு ஏறத்தாழ 15,700 கோடுகள், அறுபது முறை முழுத்திரை. துப்பாக்கி பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தைக் கற்றை கடக்கும் கணத்தில் ஒரு துடிப்பு போர்டுக்குப் போகிறது. அந்தக் கணத்தில் எத்தனையாவது கோடு, கோட்டில் எவ்வளவு தூரம் என்று போர்டு தன் கணக்கைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறது. தண்டவாளத்தோரம் நிற்கும் ஒருவர் ரயில் தன்னைக் கடந்த நேரத்தைச் சொன்னால், கால அட்டவணையை வைத்து அவர் எந்த ஊரில் நிற்கிறார் என்று சொல்லிவிடலாம் இல்லையா, அதுபோல.

எல்சிடியில் அந்த ரயிலே கிடையாது. பின்னால் விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கிறது. போதாக்குறைக்கு கன்வர்ட்டர் படத்தை வாங்கி வைத்துக்கொண்டு, தாமதமாகத் தன் வேகத்தில் அனுப்புகிறது. ட்யூப் இருந்தால் மட்டும் போதும் என்றும் இல்லை. ஐரோப்பாவில் பரவலாக விற்ற 100 ஹெர்ட்ஸ் ட்யூப் டிவிகளும் படத்தைச் சேமித்து இரட்டை வேகத்தில் வரைபவை என்பதால் இதே கதைதான்.

போர்டை கே7000-உடன் இணைத்தார். டெஸ்ட் மெனுவில் துப்பாக்கி சரிபார்க்கும் பக்கத்துக்குப் போனார். முதல் துப்பாக்கியின் குறி அப்படியே சரியாக விழுந்தது. இன்புட் போகவே இல்லை! இரண்டாவது துப்பாக்கியின் குறிதான் தத்தளித்தது. சில சமயம் விழும், சில சமயம் காணாமல் போகும்.

இங்கே பலரும் போர்டில் சால்டரிங் அயர்னை வைத்துவிடுகிறார்கள் என்று அலுத்துக்கொண்டவர், இரண்டு துப்பாக்கிகளின் கனெக்டரையும் இடம் மாற்றிச் செருகினார். கோளாறு துப்பாக்கியோடு சேர்ந்து அடுத்த பக்கம் போனது. அரை நிமிட வேலை. போர்டின் இரண்டு இன்புட்டும் சரி என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

துப்பாக்கியைக் கழற்றினார். லென்ஸில் வருடக்கணக்கான சிகரெட் புகையும் விரல் எண்ணெயும் சேர்ந்து மஞ்சளாய்ப் படிந்திருந்தது. பிளாஸ்டிக் லென்ஸ் என்பதால் சோப்புத் தண்ணீர் தொட்ட மென்துணியால் மட்டும் துடைத்தார். பிறகு மல்டிமீட்டர். போர்டு பக்கம் 5 வோல்ட் சரியாக இருந்தது. துப்பாக்கிக்குள் அளந்தபோதும் சரியாகவே காட்டியது. கைப்பிடிக்குக் கீழே கேபிள் வெளியேறும் இடத்தை மெதுவாக வளைத்தார், மீட்டர் 4.2-க்கு விழுந்து, நிமிர்த்தியதும் ஏறியது. ஆட்டக்காரர்கள் துப்பாக்கியை இழுத்து இழுத்து அந்த இடத்தில்தான் உள்ளே கம்பி இழைகள் அறுகும், வெளித்தோல் முழுசாகவே இருக்கும். அறுந்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, மீதியைச் சால்டர் செய்தார். பல்பைக் காட்டித் துப்பாக்கியைச் சோதிக்கலாமே என்று கேட்டேன். சில துப்பாக்கிகளுக்குள் கோட்டு வேகத்துக்கு மட்டும் அசையும் வடிகட்டி இருக்கும், அவை பல்பை மதிக்காது என்றார். நின்டென்டோவின் ஸாப்பர் அப்படித்தானாம்.

மீண்டும் சோதனை. இப்போது நடுவில் சரி, கீழ் மூலையில் மட்டும் குறி வலப்பக்கம் நகர்ந்தது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கற்றை ஒரு கோட்டின் படப்பகுதியைக் கடக்க ஏறத்தாழ 52 மைக்ரோநொடி எடுக்கிறது. 25 அங்குலத் திரையில் ஒரு மைக்ரோநொடி என்றால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். வெளிச்சம் மங்கினால் டயோடின் துடிப்பு மெதுவாக எழும்பி, போர்டு கவனிக்கும் வரம்பைத் தாமதமாகத் தொடும். அந்தத் தாமதத்துக்குள் கற்றை வலப்பக்கம் ஓடிவிடுகிறது. ஆசிலாஸ்கோப்பில் காட்டினார்: நடுவில் செங்குத்தாய் நின்ற துடிப்பு, மூலையில் சாய்ந்த மேடு. ட்யூபுக்கு வயதாகி, அந்த மூலை மங்கியிருக்கிறது.

நான் நீட்டிய கை, ட்யூபுக்கு உயர் மின்னழுத்தம் தரும் ஃப்ளைபேக் ட்ரான்ஸ்ஃபார்மரில் இருக்கும் ‘ஸ்க்ரீன்’ திருகை நோக்கிப் போனதும் தடுத்தார். அதைக் கூட்டினால் கறுப்பும் சாம்பலாகிவிடும். துப்பாக்கிக்கு வேண்டியது கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையேயான ஏற்றம். கான்ட்ராஸ்டைக் கொஞ்சம் கூட்டி, ஃபோகஸைச் சரிசெய்து, டெஸ்ட் மெனுவில் மறுபடி அளவு பிடித்தார். குறி நின்றது. பல பெட்டிகளில் திரைக்கு முன்னால் கறுப்புச் சாயக் கண்ணாடி போட்டுவிடுகிறார்கள், அதுவும் இதே கோளாறைத் தரும் என்றார்.

பிறகு ஒரு வேடிக்கை காட்டினார். படத்தை இடவலமாக நகர்த்தும் திருகைத் திருப்ப, படம் ஒரு விரல்கடை நகர்ந்தது. “இப்போ சுடுங்க.” சுட்டேன். குறி பிசகவில்லை. படம் நகரும்போது, கோட்டின் தொடக்கத்தைக் குறிக்கும் சின்க் துடிப்புக்கும் புள்ளிக்கும் உள்ள நேர இடைவெளி மாறுவதில்லை, அதனால் கணக்கும் மாறுவதில்லை. டைட்டோவின் ‘ஆபரேஷன் வுல்ஃப்’ (1987), மிட்வேயின் ‘டெர்மினேட்டர் 2’ (1991) போன்றவற்றில் இது நடக்காது. அவற்றில் துப்பாக்கி பெட்டியோடு பொருத்தப்பட்டு, உள்ளே இரண்டு பொட்டென்ஷியோமீட்டர் கோணத்தை மட்டும் அளக்கின்றன. படம் நகர்ந்தால் குறி தப்பும். ஆனால் திரை எதுவாக இருந்தாலும் அவற்றுக்குக் கவலையில்லை.

மாலையில் உரிமையாளருக்கு மறுபடி ஃபோன். போர்டு நன்றாக இருக்கிறது, கேபிளுக்கு மட்டும்தான் கூலி என்றார் பெரியவர். ட்யூப் புதிதாகக் கிடைக்காது. தெருவோரம் போடப்படும் அதே அளவு வீட்டு டிவி எதிலிருந்தாவது கழற்றிப் பொருத்தலாம், கற்றையை வளைக்கும் யோக் சுருள் ஒத்துப்போக வேண்டும் என்று விளக்கினார். எதிர்முனைக்காரர் எல்சிடியை விட மனசில்லாமல், அந்த ‘டெர்மினேட்டர்’ துப்பாக்கியை இந்த போர்டில் மாட்ட முடியுமா என்று கேட்டார் போலிருக்கிறது.

“முடியாதுங்க, இது கோணம் கேட்கிற போர்டு இல்ல. நேரம் கேட்கிற போர்டு,” என்று சொல்லிவிட்டு, டிவி அளவைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்.