பகல் தூக்கத்துக்கு ஒரு கோதடி

மராத்தியில் குழந்தைக் காப்பகத்துக்குப் ‘பாள்ணாகர்’ என்று பெயர். பாள்ணா என்றால் தொட்டில், கர் என்றால் வீடு. புணேயின் பழைய அடுக்ககங்களில் பெயர்ப்பலகை ஏதுமின்றி இத்தகைய வீடுகள் நிறைய இயங்குகின்றன. வாசலில் கிடக்கும் சின்னச் செருப்புகளே அடையாளம். என் மகள் செல்லும் வீட்டில் எட்டுக் குழந்தைகள், இரண்டு அறைகள், ஒரு காகூ. சிற்றப்பாவின் மனைவியை அழைக்கும் சொல் அது. அவர் என்னைத் ‘தாயி’ என்பார். மராத்தியில் அதற்கு அக்காள் என்று பொருள் என்று தெரியும் வரை, என்னைவிட இருபது வயது மூத்தவர் ஏன் இப்படி அழைக்கிறார் என்று விளங்காமல் இருந்தேன்.

சேர்க்கும் நாளில் காகூ கேட்டவற்றுள் முதன்மையானது படுக்கை. இரண்டு கோதடி, இரண்டு விரிப்பு, ஒரு ரப்பர் துணி, எல்லாவற்றையும் போட்டுக் கட்ட ஒரு பை. தலையணை வேண்டாம். கோதடி என்பது பழைய பருத்திப் புடவைகளை அடுக்கி, நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்டு உருவாக்கும் மெத்தைவிரிப்பு. வங்காளத்தில் காந்தா, பீகாரில் சுஜனி, வட கர்நாடகத்துச் சித்தி மக்களிடம் கவாந்தி என்று இதற்கு உறவினர் பலர். அருங்காட்சியகங்களில் இவை கலைப்பொருட்கள். காகூவிடம் இவற்றுக்கு ஒரே அளவுகோல்தான்: ஆடி மாத மழையில் ஒரே நாளில் உலருமா? மூன்று அடுக்குக்கு மேற்பட்டதை அவர் ஏற்பதில்லை. ஆறு அடுக்குக் கோதடி ஒருமுறை நனைந்தால் மூன்று நாள் நாறும். நான்காம் நாள் குழந்தைக்குச் சளி பிடிக்கும்.

என் மகள் ஒன்றே கால் வயது வரை தூளியில் உறங்கியவள். அம்மாவின் சுங்குடிப் புடவை, விட்டத்துக் கொக்கி, ஆட்டும் கை. எட்டுத் தூளிகளுக்குக் கொக்கியும் இல்லை, கையும் இல்லை என்று காகூ சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சொன்ன வழி எளியது: அதே புடவையைக் கோதடியின் மேலடுக்காகத் தைத்து, ஒரு வாரம் வீட்டில் நீங்கள் விரித்துப் படுங்கள், பிறகு துவைக்காமல் கொண்டுவாருங்கள். மகள் நான்காம் நாளிலிருந்து அதன் முந்தானை ஓரத்தைக் கையில் சுருட்டிக்கொண்டு உறங்கினாள். விண்ணிகாட் 1953இல் வெளியிட்ட கட்டுரையில் இடைநிலைப் பொருள் என்று குறித்தது இதைத்தான். காகூ அவரைப் படித்ததில்லை.

பிற்பகல் ஒன்று முதல் மூன்று வரை அந்த வீடு உறங்கும். ஒருவர் தலைமாட்டில் மற்றவர் கால்மாடு வருமாறு மாற்றி மாற்றிப் படுக்கை விரிக்கப்படும். ஒருவர் இருமினால் அடுத்தவர் முகத்தில் படாது. ஒரு வயது நிறையாத குழந்தைக்கு மட்டும் தனி ஏற்பாடு: கெட்டியான தட்டைப் படுக்கை, மல்லாந்த நிலை, போர்வையோ தலையணையோ கிடையாது. தலை உருண்டையாக வர வேண்டுமென்று ஒரு பாட்டி கடுகு நிரப்பிய தலையணையைக் கொடுத்தனுப்பினார். குழந்தை நல மருத்துவர் கூடாதென்று சொல்லியிருப்பதாகக் கூறிக் காகூ அன்றே திருப்பிவிட்டார். குழந்தைகளை மல்லாத்திப் படுக்கவைக்கும் இயக்கம் அமெரிக்காவில் 1994இல் தொடங்கியது; அங்கே தூக்கத்தில் நேரும் திடீர்ச் சாவுகள் அதன்பின் பெருமளவு குறைந்தன.

பகல் தூக்கம் குழந்தைக்கு ஓய்வு மட்டுமன்று. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ரெபெக்கா ஸ்பென்சர் குழுவினர் மழலைப் பள்ளிக் குழந்தைகளுக்குப் பட அட்டைகளின் இடங்களை நினைவில் கொள்ளும் விளையாட்டைக் கற்றுக்கொடுத்தனர். பகலில் உறங்கியபோது குழந்தைகள் இடங்களை நன்கு நினைவில் வைத்திருந்தனர். உறங்காத நாளின் இழப்பை இரவுத் தூக்கம் ஈடுகட்டவில்லை. 2013இல் அது வெளியானது. அந்த இரண்டு மணி நேரம் எனக்கும் பயன்படுகிறது என்பது வேறு கதை. என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலை எழுதியது பெரும்பாலும் அந்நேரத்தில்தான், காகூ வீட்டுக்கு எதிரிலுள்ள நூலகத்தில்.

நூலகம் எதிரில் இருப்பது தற்செயல் அன்று. அதற்காகவே அந்த வீட்டைத் தேர்ந்தோம். எங்கள் நிறுவனத்தில் காப்பகம் இல்லை. 50 ஊழியர் அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள இடங்களில் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை சென்று குழந்தையைப் பார்க்கலாம் என்றது 2017ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம். உதவித்தொகை பெறுபவர் ஊழியர் அல்லர் என்று அலுவலகத்தில் பதில் வந்தது. பல்கலைக்கழக மானியக்குழு விதிகளில் பெண் ஆய்வாளருக்கு 240 நாள் விடுப்பு தந்திருக்கிறது. 241ஆம் நாள் குழந்தை எங்கே உறங்கும் என்பதற்கு அவ்விதிகளில் இடமில்லை.

இதை எழுத நேர்ந்த காரணம் வேறு. எட்டுப் பேரில் ஒரு சிறுவனின் தாய் அதே அடுக்ககத்தில் மூன்று வீடுகளில் சமைக்கிறார். பாதிக் கட்டணம். அவனுக்கான இரண்டு கோதடிகளையும் காகூ தம் புடவைகளில் தைத்தார். ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் படுக்கை, தனிப் பை. வாசிக்கத் தெரியாதவர்களாதலால் பெயருக்குப் பதில் ஒரு நிறப் பொத்தான். சனிக்கிழமை மட்டும் எல்லாக் கோதடிகளும் ஒரே அண்டா வெந்நீரில் ஊறும். ஒரு வீட்டார் பங்குனியில் வந்து, அந்தச் சிறுவனின் துணியை மட்டும் வேறாகத் துவைக்கக் கேட்டனர். சுகாதாரம் என்றனர். அவனுக்குச் சிரங்கோ சளியோ இல்லை.

தனித்தனி என்ற சொல் எல்லாருக்கும் பொருந்தும்போது அது சொறியையும் பேனையும் தடுக்கும் ஏற்பாடு. ஒருவனுக்கு மட்டும் என்றாகும்போது அது எந்த நோயைக் குறித்தும் அன்று; அதன் வரலாற்றை நம் துறையினருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காகூ வாதிடவில்லை. விரும்பினால் உங்கள் கோதடியை உங்கள் வீட்டிலேயே துவைத்துக் கொண்டுவாருங்கள் என்றார். அவர்கள் குழந்தையையே நிறுத்திக்கொண்டனர்.

இரண்டு மாதமாக அவ்விடம் காலியாக உள்ளது. காகூவின் வருமானத்தில் அது எட்டிலொன்றைவிடக் கூடுதல். பாதிக் கட்டணக் கணக்கைச் சேர்த்தால் தெரியும். குறைவதை நாங்கள் பகிர்ந்துகொள்ளலாம் என்று மற்றப் பெற்றோரிடம் பேசினேன். மூவர் உடனே ஒப்புக்கொண்டனர். ஒருவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி ஒரு மாதமாகிறது. மற்றொருவர், போனவர்கள் சொன்னதிலும் ஏதோ இருக்கிறதல்லவா என்று கேட்டார். அவருடன் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன். இந்த நகரில் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு இடம் தேடும் ஆய்வாளர் எவரேனும் இதைப் படித்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.

அடுத்த மாதம் மழை தொடங்குகிறது. ஒன்று கிழிந்துவிட்டதால் மகளுக்குப் புதிய கோதடி வேண்டும். அம்மா மதுரையிலிருந்து இரண்டு புடவைகள் அனுப்பியிருக்கிறார். கஞ்சி முழுதும் போகும்வரை மூன்று தண்ணீர் அலசிவிட்டுத்தான் தைக்க வேண்டும் என்பது காகூவின் கட்டளை. முதல் தண்ணீரில் இப்போது ஊறிக்கொண்டிருக்கின்றன.