எம் இல்லத்துப் பப்ஸ்

கல்லூரி ஆண்டு மலருக்கு யாதேனும் எழுதுக எனத் தமிழ்ப் பகுதியின் ஆசிரியர் பழைய மாணவராகிய எம்மைப் பணித்தபோது, நூலாராய்ச்சிக் கட்டுரை ஒன்றையோ பிரயாண விருத்தாந்தம் ஒன்றையோ எதிர்பார்த்திருப்பார். யாம் எழுதப் புகுவதோ, ரொட்டிக் கடைக் கண்ணாடிப் பெட்டியில் வீற்றிருக்கும் காய்கறிப் பப்ஸைப் பற்றியதாகும். தின்பண்டத்தைப் பற்றி எழுதுதல் கற்றோர்க்குத் தகுமோ என வினவும் அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள்வார்களாக. 2014 முதல் 2017 வரை இக்கல்லூரியில் யாம் பயின்ற மூன்றாண்டும் எமது விடுதிக் கட்டணம் அப்பண்டத்தினின்றே வந்தது.

முதற்கண் பெயர். ஊதிப் பருத்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லினின்று பிறந்தது இது. அம்மொழியிற் பன்மையாகிய பப்ஸ், நம்மவர் நாவில் ஒருமையாகி, "ஒரு பப்ஸ் கொடுங்கள்" என்று கேட்கப்படுகின்றது. இலக்கண ஆசிரியர்கள் மன்னிப்பார்களாக. நம் வடையும் போண்டாவும் போல இது எண்ணெயிற் பொரிவதன்று. மைதா மாவினிடையே கொழுப்பை வைத்து மடித்து மடித்துத் தேய்த்து, சதுரமாக நறுக்கி, உள்ளே காய்கறி மசாலாவைப் பொதிந்து, அடுப்பின் அனலிலேயே வேகவைத்து எடுப்பது.

எம்மூர் ஓசூர். பெங்களூருக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்திற்குச் சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. சேலம் மாவட்டத்தில் இருந்து, 1965-இல் தருமபுரி மாவட்டத்தைச் சார்ந்து, 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அமைந்தது. ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகத்து அத்திப்பள்ளி. எங்கள் தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வழங்குதல் உண்டு. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்த பின்னர், லாரியும் மொபெட்டும் கைக்கடிகாரமும் செய்யும் பெருந்தொழிற்சாலைகளும், அவற்றிற்குத் திருகாணியும் அச்சும் கடைந்து கொடுக்கும் எண்ணற்ற சிறு பட்டறைகளும் பெருகின. தொழிலாளர் பெருகவே தேநீர்க் கடைகள் பெருகின. தேநீர்க் கடைக்குப் பப்ஸ் வேண்டியதாயிற்று.

அதனைக் கொணர்ந்தோர் பெரும்பாலும் எல்லைக்கு அப்பாலிருந்து வந்த ரொட்டிக் கடைக்காரர்களே. கர்நாடகத்து ஹாசன் பகுதி ஐயங்கார்கள் பெங்களூரிற் புகுந்து, முட்டை கலவாத ரொட்டியும் கேக்கும் காரப் பன்னும் செய்து பேர்பெற்றனர். சிக்பேட்டையில் 1898-இல் தொடங்கிய பெங்களூர் பிரதர்ஸ் பேக்கரி அவ்வழியில் முன்னோடி என்பர். பின்னர் அவ்வழக்கம் எங்கள் ஊர்ச் சந்துகளுக்கும் வந்து சேர்ந்தது. எங்கள் வீட்டிற்கு நாலாவது கட்டடத்தில் அத்தகைய கடை ஒன்றிருந்தது. அதன் முதியவரை ஊரார் யாவரும் மாஸ்டர் என்றே அழைத்தனர். அவர் ஹாசன் பக்கத்தவர். ஐம்பதாண்டு தமிழ் பேசியும் கன்னடத்தின் ஓசை நாவை விட்டகலாதவர். எம்மை "மரி" என விளிப்பார். கன்னடத்தில் அது குழந்தையை அன்பாக அழைக்கும் சொல்.

எம் தந்தையார் சிறு பட்டறை ஒன்றிற் கடைசல் வேலை செய்தவர். 2012-ஆம் ஆண்டில் சென்னை நீங்கலான தமிழ்நாட்டு ஊர்களெல்லாம் நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரமின்றி வாடியதை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மின்சாரமின்றி லேத் சுழலாது. லேத் சுழலாவிடிற் கூலியும் இல்லை. அவ்வாண்டு மார்ச்சு மாதத்திற் பட்டறைக்காரர், வருத்தத்துடனேயே, பாதிப் பேரை நிறுத்திக்கொண்டார். நின்றவர்களுள் எம் தந்தையாரும் ஒருவர். அப்போது யாம் பத்தாம் வகுப்புத் தேர்வை எதிர்நோக்கியிருந்தோம். தந்தையார் காலையில் வழக்கம்போல் சட்டையணிந்து, எங்கும் போக இடமின்றித் திண்ணையில் அமர்ந்திருப்பார். மற்றக் கஷ்டங்களைவிட அக்காட்சியே எமக்குப் பொறுத்தற்கரிதாயிருந்தது.

எம் அன்னையார் தம் தோடுகளை அடகு வைத்து, மாஸ்டரிடம் ஒரு மாதம் தொழில் பயின்று, தொழிற்பேட்டை வாயிலிலுள்ள தேநீர்க் கடை ஒன்றிற்கு நாள்தோறும் 120 பப்ஸ் தருவதாக ஒப்புக்கொண்டார். பகல் இரண்டு மணிக்கு ஷிப்டு மாறும். ஒன்றரை மணிக்குப் பண்டம் அங்கிருத்தல் வேண்டும். வீட்டில் மடித்துச் செய்து, மாஸ்டர் கடை விறகடுப்பில் தட்டு ஒன்றிற்குப் பத்து ரூபாய் கொடுத்து வேகவைத்துக்கொள்வதென ஏற்பாடு.

உள்ளீடு செய்வதில் அன்னையாருக்கு ஐயமே இல்லை. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கங்களினின்று சந்தைக்கு வரும் கேரட்டையும் பீன்ஸையும் பொடியாக அரிந்து, வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி வதங்கிய பின் அவற்றைச் சேர்த்து, மஞ்சள், மல்லித்தூள், கரம் மசாலா இட்டு, வெந்த பட்டாணியையும் மசித்த உருளைக்கிழங்கையும் போட்டு, ஈரம் வற்றும்வரை கிளறுவார். இராயக்கோட்டைத் தக்காளி மலிவாக மலைபோற் குவிந்து கிடந்தாலும் ஒன்றேனும் சேர்க்க மாட்டார். நீர் விடும் காய் உள்ளிருந்தால் அடிப்பாகம் வேகாது களியாகிவிடும். கிளறியதைத் தாம்பாளத்திற் பரப்பி முற்றும் ஆறிய பின்னரே தொடுவார். சூடான மசாலா மேலேயுள்ள மாவின் கொழுப்பை உருக்கிவிடுமன்றோ!

மேல்மாவே இடர் விளைத்தது. மூன்று கிலோ மைதாவை உப்பும் தண்ணீரும் சிறிது எலுமிச்சைச் சாறும் விட்டுப் பிசைந்து, வெண்ணெயும் வனஸ்பதியும் கலந்த இரண்டு கிலோக் கொழுப்பைப் பலகைபோற் தட்டி நடுவில் வைத்து மூடி, நீளமாகத் தேய்த்து, கடிதத்தை மடிப்பதுபோல் மூன்றாக மடிக்க வேண்டும். பின்னர்க் குளிர்ப் பெட்டியில் அரைமணி நேரம் வைத்து மறுபடி தேய்த்து மடித்தல். இவ்வாறு ஆறு முறை. மாவும் கொழுப்பும் ஒன்றோடொன்று கலவாமல் ஏடேடாக நிற்றல் வேண்டும். அடுப்பிற் புகுந்ததும் மாவிலுள்ள நீர் ஆவியாகி ஆயிரத்தறுநூறு மடங்கிற்கு மேல் விரிய முயல்கின்றது. கொழுப்புப் படலம் அதனைத் தடுக்க, ஏடுகள் ஒன்றையொன்று தூக்கிக்கொண்டு எழுகின்றன. பப்ஸில் ஈஸ்டும் இல்லை, சோடாவும் இல்லை. அதனை எழுப்புவது ஆவி ஒன்றே.

ஏப்ரல் மாதத்து முதல் நாள் விற்பனைக்கே அந்த இடர் நேர்ந்தது. மூன்றாம் மடிப்பு முடிந்து மாவு குளிர்ப் பெட்டியில் இருக்கையில் மின்சாரம் நின்றது. ஒரு மணியில் வரும் என்றிருந்தோம். மூன்று மணி கழிந்தும் வரவில்லை. பெட்டியின் உட்புறம் வெளிப்புறம்போலாயிற்று. வெண்ணெய் இளகி மாவினுட் புகுந்துவிட்டது. வேறு வழியின்றி அன்னையார் எஞ்சிய மடிப்புகளை முடித்து, நறுக்கி, பொதிந்து, அடுப்பிற்கு அனுப்பினார். வெளிவந்தவற்றைக் கண்டு யாவரும் வாய் பேசாது நின்றோம். தட்டெங்கும் எண்ணெய் தேங்கியிருக்க, அதன் நடுவே 120 பப்ஸும் செருப்பின் தோல்போல் தட்டையாய்க் கிடந்தன.

தந்தையார், "பசியிலே வருகிறவர்கள், யார் ஏட்டை எண்ணப்போகிறார்கள்? கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம்" என்றார். கடன் அவரை அவ்வாறு பேசச் செய்தது. அவர் இயல்பு அதுவன்று. அன்னையார், "நீங்க கடைஞ்ச அச்சு அளவு தப்பிப்போனா அப்படியே கொடுத்தனுப்புவீங்களா?" என்று மட்டும் கேட்டார். தந்தையார் மறுமொழி கூறாது மிதிவண்டியை எடுத்தார். கடைக்காரரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லி, காரத் தட்டை எனப் பெயரிட்டுப் பாதி விலைக்கு விற்கச் சொல்லித் திரும்பினார் என்பதைப் பின்னரே அறிந்தோம். எழுபது விற்றன. மீந்தவற்றை யாம் நால்வரும் இரண்டு நாள் உண்டோம். சுவையிற் பெருங்குற்றம் இல்லை என்பதை இங்கே கூறிவைத்தல் நியாயம்.

மறுநாள் மாலை மாஸ்டர் வந்து, அடுக்களையில் அமர்ந்து, மாவுப் பலகையைத் தொட்டுப் பார்த்தார். "குளிரை ஏன் அம்மா கரண்டு கொடுத்து வாங்குகிறாய்? ஓசூரில் விடிகாலை நாலு மணிக்குச் சும்மா கிடைக்கிறதே" என்றார். எம்மூர் விடியலின் குளிர் வெயிற் காலத்திலும் சிறிது தங்கும். முன்னிரவில் மாவு பிசைந்து ஈரத்துணி போர்த்தி வைத்து, கொழுப்பை நீரில் நனைந்த மண்பானையிற் காத்து, மூன்றரை மணிக்கு எழுந்து கற்பலகையின்மேல் தேய்ப்பதென முடிவாயிற்று. வெண்ணெயைக் குறைத்து, எளிதில் இளகாத பேக்கரி மார்கரினை மிகுதியாகச் சேர்க்கவும் அவர் கற்பித்தார். கடைக்காரரும் பகல் இரண்டு மணிக்குப் பதிலாகக் காலை எட்டரை மணி வேலைக்கு வருவோருக்கு விற்க இசைந்தார். உண்ணாது ஓடிவரும் இளைஞர் கூட்டம் காலையிற்றான் மிகுதி.

அன்று விடியலில்தான் தந்தையார் முதன்முதலாக அடுக்களையிற் புகுந்தார். அதுவரை அவர் அப்பக்கம் வாராமைக்குச் சோம்பல் காரணமன்று. லேத் பிடித்த கை பூரிக்கட்டை பிடிப்பதோ என்ற மானமே காரணம் என யாம் எண்ணுகின்றோம். அன்னையார் தேய்த்த மாவு ஒருபுறம் தடித்தும் ஒருபுறம் மெலிந்தும் இருப்பதைச் சிறிது நேரம் பார்த்திருந்தவர், உள்ளே சென்று தம் வெர்னியர் காலிப்பரைக் கொணர்ந்தார். மாவின் நாற்புறமும் அளந்து, "இங்கே மூன்று மில்லிமீட்டர், அங்கே ஐந்து. ஒன்று கருகும், ஒன்று வேகாது" என்றார். அன்றே மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புப் பட்டைகள் இரண்டைத் தேய்த்து மழுங்கச் செய்து, பலகையின் இருமருங்கும் வைத்தார். கட்டை அவற்றின்மேல் உருளுமாதலால் மாவு ஓரிடத்தும் அளவு தப்பாது.

மடிப்புக் கணக்கை எம்மிடம் கேட்டார். மூன்று, ஒன்பது, இருபத்தேழு, எண்பத்தொன்று, 243, 729 என்று பெருக்கிச் சொன்னோம். மூன்று மில்லிமீட்டரை 729-ஆல் வகுக்கச் சொன்னார். ஏடு ஒன்றிற்கு நாலு மைக்ரான் அளவே வந்தது. தந்தையார் கட்டையைக் கீழே வைத்துவிட்டு, "நாலு மைக்ரானா! எங்கள் கிரைண்டிங் மெஷினே அதற்குத் திணறுமே" என்று உரக்கச் சிரித்தார். மார்ச்சு மாதத்திற்குப் பின் அவர் சிரித்ததை அன்றே கண்டோம். அன்னையார் மறுபுறம் திரும்பி மசாலாவைக் கிளறலானார். அது முன்பே ஆறிப்போயிருந்தது.

மாஸ்டர் கடை அடுப்பில் மூன்று மணிக்கே விறகு மூட்டி, கனலை ஒதுக்கி, நனைந்த சாக்கினால் தரையைத் துடைப்பார்கள். ஒரு பிடி மைதாவை உள்ளே வீசி அது சிவக்கும் வேகத்தைக் கொண்டு சூட்டை அறிவார் மாஸ்டர். எங்கள் தட்டுகள் ரொட்டிக்கு முன்னரே, முதற்சூட்டிற் புகுந்தன. மேலே முட்டை தடவுதல் அக்கடை வழக்கமன்று, பாலே தடவப்பட்டது. இருபத்தைந்து நிமிடம் கழித்து நீண்ட மரத்துடுப்பினால் இழுத்தபோது, ஒவ்வொன்றும் நான்கு விரல் உயரம் எழுந்து, பொன்னிறமாய், ஓரங்களில் ஏடேடாய் விரிந்திருந்தது. மாஸ்டர் ஒன்றைக் காதருகே வைத்து நசுக்கி ஓசை கேட்டு, "மரி, நீ தின்னு" என எம் கையில் தந்தார். அன்று எமக்குக் கணக்குத் தேர்வு. சட்டையெல்லாம் உதிர்ந்த ஏட்டுடன் தேர்வறைக்குச் சென்றோம்.

பின்னர் நடந்தவற்றை விரிக்க வேண்டுவதில்லை. தோடுகள் அவ்வாண்டு தீபாவளிக்கு மீண்டன. 2014-இல் பட்டறைக்காரர் தந்தையாரை மறுபடி அழைத்தார், அவரும் சென்றார், ஆயினும் மூன்றரை மணிக்கு எழுதலை விடவில்லை. மாஸ்டர் முதுமையினால் ஊர் திரும்ப, விறகடுப்பு இடிக்கப்பட்டு அவ்விடத்தில் மின்னடுப்பு வந்தது. அதில் சூடு ஒருசீராய் நிற்கின்றது என்று அன்னையார் புகழ்வார். யாம் விறகின் மணத்தை நினைந்து ஏங்குவோம். சமைப்பவர் சொல்லே ஈண்டு ஏற்கத்தக்கது. உணவுக் கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு நூற்றுக்கு இரண்டு பங்கிற்கு மிகலாகாதென 2022 முதல் விதி வந்தபோது, மார்கரின் பெட்டியின் சீட்டைப் படித்த பின்னரே வாங்கலானார். தினம் ஒன்று தின்னும் பண்டம் இதுவன்று என்பதையும் அவரே வாடிக்கையாளருக்குச் சொல்வதுண்டு. வணிகத்திற்கு அது நன்றன்று எனத் தந்தையார் முணுமுணுப்பார்.

வெர்னியர் காலிப்பர் இன்றும் மைதாப் பெட்டியின்மேல் கிடக்கின்றது. அதன் கோடுகளினிடையே மாவு படிந்து எண்கள் பாதி மறைந்துவிட்டன. சென்ற பொங்கலுக்கு ஊர் சென்றபோது பழந்துணி ஒன்றால் துடைக்கப் புகுந்தோம். "அதைத் தொடாதே, மூன்று எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும்" என்றார் தந்தையார்.